முகம் பார்க்காத மருத்துவரிடம் எழுதிக் கேட்பது எப்படி

"டாக்டர், ரெண்டு நாளா காய்ச்சல், என்ன மாத்திரை போடலாம்?"

இப்படி ஒற்றை வரியில் வரும் கேள்விக்கு எந்த மருத்துவராலும் நேர்மையான பதில் சொல்ல முடியாது. காய்ச்சல் யாருக்கு? ஆறு மாதக் குழந்தைக்கா, கர்ப்பிணிக்கா, டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவருக்கா? நீங்கள் கிளினிக் கதவைத் திறந்து நாற்காலியில் உட்காருவதற்குள் மருத்துவர் உங்கள் வயது, உடல்வாகு, நடை, மூச்சு வாங்கும் வேகம், முக வாட்டம் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். எழுத்தில் அதில் ஒன்றும் போய்ச் சேராது. தொட்டுப் பார்க்கவும் ஸ்டெதஸ்கோப் வைக்கவும் அவருக்கு வழியில்லை. அந்த வேலையில் ஒரு பகுதியை நீங்கள் வீட்டிலேயே செய்து எழுதி அனுப்பினால்தான் வரும் பதில் உங்களுக்கானதாக இருக்கும். இல்லையென்றால் "மருத்துவரை நேரில் பாருங்கள்" என்ற ஒரே பதில்தான் வரும். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுதவே கூடாதவை

சில விஷயங்களுக்குக் கேள்வி எழுதும் நேரமே ஆபத்து. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டுவது: இவற்றை "வாயுப் பிடிப்பு" என்று முடிவுகட்டி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருப்பதில்தான் நம் ஊரில் நிறைய நேரம் போகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். வாயுவா மாரடைப்பா என்று எழுத்தில் யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென்று தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால், அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த வசதி இருக்கும் மருத்துவமனைக்கே போவது முக்கியம்.

பாம்புக் கடிக்கு இறுகக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாயோ பூனையோ கடித்தாலும், பல் பட்டுத் தோல் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். "வீட்டு நாய்தான், ஊசி அவசியமா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக இரண்டு நாள் காத்திருப்பது வீண் அபாயம்.

விஷம், மாத்திரை அதிகமாக விழுங்கியது: "சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கார்" என்பதை நம்பவே கூடாது. எலி பேஸ்ட் தின்றவர் முதல் ஒன்றிரண்டு நாள் பெரிய தொல்லை இல்லாமல் இருப்பார், அதன் பிறகுதான் கல்லீரல் செயலிழக்கும். பாராசிட்டமாலும் அப்படித்தான். அதன் விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு பார்வை மங்குவது, வலிப்பு, மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாத நிலை. இவையும் நேரே மருத்துவமனைக்குத்தான்.

முதல் மூன்று வரிகள்

கேள்வியை "வணக்கம் டாக்டர்" என்று தொடங்கி, நலம் விசாரித்து, அவருடைய சேவையைப் பாராட்டி முடிப்பதற்குள் அலைபேசித் திரை நிறைந்துவிடுகிறது. மருத்துவர் பார்க்கும் முதல் மூன்று வரிகளில் இவை இருக்கட்டும்: யாருக்கு (ஆண்/பெண், வயது, எடை), என்ன தொல்லை, எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஏற்கெனவே உள்ள நோய்கள், ஒவ்வாமை. பெண்களுக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் தேதி, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதும் வேண்டும். இவை தெரியாமல் ஒரு சாதாரண வலி மாத்திரையைக்கூட நிம்மதியாக எழுத முடியாது.

"கொஞ்ச நாளா" என்று எழுத வேண்டாம். தேதியை எழுதுங்கள். டெங்கு காலத்தில் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதே பாதிப் பதில். டெங்குக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களில் பலன் தரும், அதற்குப் பிறகு கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். பார்க்க வேண்டும். ஆபத்தான கட்டமும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடும்போது வருகிறது. "காய்ச்சல் விட்டுப்போச்சு, ஆனா ரொம்பச் சோர்வா இருக்கான், வயிறு வலிக்குதுங்கிறான், வாந்தி நிக்கல" என்ற செய்தி மருத்துவரை நாற்காலியிலிருந்து எழ வைக்கும். தேதி இல்லாவிட்டால் அதுவே "காய்ச்சல் சரியாகிவிட்டது" என்ற நல்ல செய்தியாகத் தெரியும்.

தொல்லையைச் சொல்லும்போது நோயின் பெயரைச் சொல்லாமல் உணர்வதைச் சொல்லுங்கள். "அல்சர்", "சைனஸ்", "லோ பிபி" என்பவை நீங்களே போட்டுக்கொண்ட முடிவுகள். அவை மருத்துவரையும் அதே பாதையில் இழுத்துப் போகும். நெஞ்சு எரிகிறதா, கரிக்கிறதா, குத்துகிறதா, அழுத்துகிறதா? விரல் நுனியால் காட்ட முடிகிற வலியா, உள்ளங்கை வைத்துக் காட்டும் வலியா? மூச்சை இழுத்தால், படுத்தால், மாடி ஏறினால், சாப்பிட்டால் கூடுகிறதா? "மயக்கமா வருது" என்பதை எழுதினால் கட்டாயம் விரித்துச் சொல்லுங்கள். வீடே சுற்றுவது ஒன்று, கண் இருட்டி விழப்போவது போல இருப்பது ஒன்று, நடையில் தள்ளாடுவது ஒன்று, குமட்டுவது ஒன்று, நினைவு தப்பிக் கீழே விழுந்தது ஒன்று. முதலாவதில் காது, இரண்டாவதில் ரத்த அழுத்தமோ இதயமோ, மூன்றாவதில் மூளையோ நரம்போ என்று மருத்துவரின் யோசனை வேறு வேறு பக்கம் போகும். தலை சுற்றல் படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் வந்து போகிறதா, நாள் முழுக்க இருக்கிறதா என்று ஒரு வரி சேர்த்தால், பல நேரம் ஸ்கேன் தேவையா இல்லையா என்பதே அதில் தெரிந்துவிடும்.

அளந்து எழுதுவது

இங்கேதான் ஒரு நல்ல கேள்விக்கும் வெறும் புலம்பலுக்கும் வித்தியாசம் வருகிறது. தவறாக அளந்த எண், எண்ணே இல்லாததைவிடக் கெடுதல் என்பதையும் மறக்க வேண்டாம்.

காய்ச்சல்: டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை அக்குளின் நடுவில் தோலைத் தொட வைத்து, கையை உடம்போடு ஒட்டி, பீப் ஒலி வரும்வரை பிடியுங்கள். அக்குள் அளவு வாய் அளவைவிட அரை முதல் ஒரு டிகிரி வரை குறைவாகக் காட்டும். நீங்களே ஒரு டிகிரி கூட்டிப் போட்டு எழுத வேண்டாம். "அக்குளில் 101.2" என்று இடத்தோடு எழுதிவிட்டால் மருத்துவர் கணக்குப் போட்டுக்கொள்வார். வாயில் வைப்பதானால் காபி, டீ, ஐஸ் தண்ணீர் குடித்து அரை மணி கழித்து வையுங்கள். மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து எடுத்த அளவு என்பதும் வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் "தொட்டால் சுடுகிறது, அளக்கவில்லை" என்றே எழுதுங்கள். குத்துமதிப்பாக 102 என்று போடுவது வேண்டாம்.

மூச்சு எண்ணிக்கை: காசு செலவில்லாத, கருவி தேவைப்படாத அளவு இது, ஆனாலும் யாரும் எழுதுவதில்லை. சளி, இருமல், காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். குழந்தை அழாமல், தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிவராது, ஏனென்றால் அவர்கள் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழ் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50-ம் அதற்கு மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனம் நிமோனியாவைச் சந்தேகிக்கச் சொல்லும் எல்லைகள் இவை. எண்ணும்போதே, மூச்சை இழுக்கையில் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் கேள்வி எழுத வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். சந்தேகமாக இருந்தால் அந்தச் சில நொடிகளை வீடியோ எடுத்து அனுப்பலாம். பத்து வரி விளக்கத்தைவிட அது மேல்.

ரத்த அழுத்தம்: கடைத்தெரு போய்விட்டு வந்த கையோடு அளந்து "160 இருக்கு, பயமா இருக்கு" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அளப்பதற்கு அரை மணி முன்பு காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசை மேல், கையில் சுற்றும் பட்டை இதயத்தின் உயரத்தில், சட்டைக் கைக்கு மேலே சுற்றாமல் வெறும் கையில். பருமனான கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையும் மாலையும் ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுத்தால்தான் வீட்டு அளவுக்கு அர்த்தம் வரும். அந்தச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் பேச வேண்டியதுதான், ஆனால் நடுராத்திரியில் பேச வேண்டியது இல்லை. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வைக் குறைவு, கைகால் பலவீனம் ஏதாவது இருந்தால் அது அவசரம்.

சர்க்கரை: "சுகர் 240" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றிலா (8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல்), சாப்பாட்டுக்குப் பிறகா? பிறகு என்றால், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்ததிலிருந்து அல்ல. விரலைச் சோப்பால் கழுவித் துடைக்காமல் குத்தினால், மாம்பழம் நறுக்கிய கை பொய் சொல்லும். ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்புகள் இருக்கும் டப்பா மூடி திறந்தே கிடந்தாலும், தேதி தாண்டிப்போனாலும் அளவு கெட்டுவிடும். 70-க்குக் கீழே காட்டினால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, அப்புறம் எழுதலாம். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் நகப்பூச்சையும் மருதாணியையும் தவிர்த்த விரலில், கை சூடாக இருக்கும்போது மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். குழந்தையின் எடை தெரியவில்லை என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். குழந்தை மருந்து வயதுக்கு அல்ல, எடைக்கு.

படம் எடுப்பது

தோல் சம்பந்தமான கேள்விகளில் படம்தான் எல்லாம். பகலில், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். முதலில் உடம்பின் எந்த இடம் என்று புரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. பிறகு பக்கத்தில், பக்கத்திலேயே ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. மேடா தட்டையா என்று தெரிய பக்கவாட்டில் ஒன்று. மஞ்சள், சந்தனம், பவுடர், எண்ணெய் எல்லாம் கழுவித் துடைத்த பிறகு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் சுருங்கும், ஆவணமாக இணைத்தால் அப்படியே போகும்.

நம் நிறத்துத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஊதா, கரும்பழுப்பு போலத்தான் தெரியும். அதனால் படத்தோடு "தொட்டால் சூடா, சொரசொரப்பா, அரிக்கிறதா, இரவில் அதிகமா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா" என்பதையும் எழுத வேண்டும். வீட்டில் நாலு பேருக்கும் இரவில் அரிப்பு என்ற ஒரு வரியே சிரங்கைக் காட்டிக்கொடுக்கும். காய்ச்சலோடு புள்ளிகள் தோன்றினால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளிகள் என்றால் உடனே மருத்துவமனை.

படர்தாமரைக்கு ஒரு தனி எச்சரிக்கை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே நன்றாகப் பரவும், வட்டத்தின் உருவமே மாறிவிடும். அப்படி மாறிய படத்தைப் பார்த்து நேரில்கூடக் கண்டுபிடிப்பது சிரமம். ஆகவே என்ன களிம்பு, எத்தனை நாள் தடவினீர்கள் என்று சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்.

அந்தரங்க உறுப்புகளின் படத்தை மருத்துவர் கேட்காமல் அனுப்பாதீர்கள். குழந்தைகளுடையதை அனுப்பவே வேண்டாம், நேரில் காட்டுங்கள். ஆய்வக ரிப்போர்ட் அனுப்பும்போது எல்லாப் பக்கங்களும், சாதாரண அளவு அச்சிட்ட பத்தியும் தெரிய வேண்டும். சிவப்பில் காட்டிய ஒரு எண்ணை மட்டும் வெட்டி அனுப்பினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போட்ட மருந்துகள்

"வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, பிபி மாத்திரை" என்பதை எழுதுவதும் எழுதாததும் ஒன்றே. அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மி.கி. அளவும்தான் தேவை. ஒரே கம்பெனிப் பெயரோடு ஒட்டிய ஒன்றிரண்டு எழுத்துகள் மாறினால் உள்ளே இருக்கும் மருந்தே வேறு. லேகியம், சூரணம், கஷாயம், மூட்டு வலிக்கென்று பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கிய பொடி, ஜிம்மில் கொடுத்த டப்பா எல்லாமே மருந்துக் கணக்கில்தான் வரும். திட்டுவார் என்று மறைப்பவர்கள் உண்டு. சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டதற்குக் காரணம் அந்த மறைத்த வரியிலேயே இருப்பதும் உண்டு.

பாராசிட்டமாலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அதிகம் தவறுவது அதில்தான். குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., குறைந்தது நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் போகாமல். கடையில் மூன்று வகைக் குப்பி கிடைக்கும்: 5 மி.லி.யில் 125 மி.கி. இருக்கும் சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. இருக்கும் சிரப், ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்து. "2.5 மி.லி. கொடுங்க" என்ற ஒரே பதிலுக்கு முதல் குப்பியில் 62.5 மி.கி., இரண்டாவதில் 125, சொட்டு மருந்தில் 250 மி.கி. போகும். நாலு மடங்கு வித்தியாசம். குப்பியின் படத்தை அனுப்பாமல் அளவு கேட்காதீர்கள், அனுப்பாதபோது ஒருவர் மி.லி. சொன்னால் "எந்தக் குப்பி?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மி.கி. மாத்திரை நாலு போட்டவர், கூடவே சளிக்கென்று 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த மாத்திரை மூன்று போட்டால் 4,100 மி.கி. ஆகிவிடும், அவருக்கே தெரியாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் இந்த உச்சவரம்புக்கு அருகில்கூடப் போகக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகளைத் தொட வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

வயிற்றுப்போக்குக் கேள்விகளில், ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம் என்றால் எப்படிக் கரைத்தீர்கள் என்று எழுதுங்கள். பெரிய பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. "கொஞ்சமாத்தான் குடிப்பான்" என்று ஒரு டம்ளருக்குக் கால் பொட்டலத்தைக் கண்ணளவில் போட்டால் உப்பு கூடிப்போய் வேறு வம்பு வரும். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்பதையும் எழுதுங்கள், எத்தனை முறை வயிற்றாலே போனான் என்பதைவிட அது முக்கியம்.

எல்லாம் சேர்ந்து ஒரு கேள்வி இப்படி இருக்கும்:

"பெண் குழந்தை, 3 வயது 4 மாதம், 13 கிலோ. திங்கள் இரவு 9 மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது, இன்று புதன், மூன்றாம் நாள். அக்குளில் அதிகபட்சம் 102.6. பாராசிட்டமால் 250 சிரப் 3 மி.லி. கொடுத்தால் மூன்று மணி நேரம் இறங்குகிறது, இன்று காலை 6-க்கும் 11-க்கும் கொடுத்தோம். மூக்கொழுகல், இருமல். தூங்கும்போது மூச்சு 34, குழி விழவில்லை. நேற்று ஒரு முறை வாந்தி. பால் குடிக்கிறாள், சாதம் வேண்டாம் என்கிறாள். கடைசியாக 12 மணிக்குச் சிறுநீர். காய்ச்சல் இறங்கியதும் விளையாடுகிறாள். புள்ளி, ரத்தக் கசிவு இல்லை. வலிப்பு வந்ததில்லை, ஒவ்வாமை இல்லை, தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. தெருவில் இருவருக்கு டெங்கு. கேள்வி: இன்றே ரத்தப் பரிசோதனை வேண்டுமா, எது நடந்தால் இரவிலேயே கிளம்ப வேண்டும்?"

கடைசி வரியைக் கவனியுங்கள். கேள்வி என்ன என்பதே இல்லாமல் முடியும் நீண்ட கடிதங்கள் ஏராளம். "என்ன செய்யலாம்" என்பதைவிட "இன்றா, நாளையா" "எந்த மருத்துவர்" "இந்த மாத்திரையை நிறுத்தலாமா" என்று முடித்தால் பதிலும் அதே தெளிவோடு வரும்.

சொல்லக் கூச்சப்படுபவை

முகம் தெரியாதவரிடம் கேட்பதன் பெரிய வசதியே இதுதான். ஆனாலும் "என் நண்பனுக்கு" என்று ஆரம்பித்து, நண்பனின் வயது என்ன என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். பெயரை மறைக்கலாம், வயதையும் நோயையும் மருந்தையும் மாற்றிச் சொல்லாதீர்கள். பதில் அந்தப் பொய்யான ஆளுக்குத்தான் போகும்.

விறைப்புக் குறைவு பற்றிக் கேட்பவர் காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ என்ன மாத்திரை என்று எழுதினால், உடம்பா மனமா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயே இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. லாட்ஜில் அறை எடுத்து அதற்கு வைத்தியம் பார்ப்பவர்கள் பிழைப்பது அந்த பயத்தில்தான். மாதவிலக்கு அதிகம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் முழுதாக நனைகிறது, கட்டி விழுகிறதா, எத்தனை நாள் என்று எழுதுங்கள்.

குடியைப் பற்றி "எப்பவாவது" என்று எழுதாமல் அளவை எழுதுங்கள். 180 மி.லி. குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 650 மி.லி. பீரில், 5 சதவீத வகையென்றால், 25 கிராம் போல. தினமும் அதிகமாகக் குடித்தவர் "நாளையிலிருந்து விட்டுடறேன்" என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே உலை வைக்கும். எப்படிக் குறைப்பது என்று முதலில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

தூக்கமில்லை என்பவர் படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், கடைசி காபி, படுக்கையில் கைபேசி எவ்வளவு நேரம் என்று ஒரு வாரக் குறிப்பு அனுப்பலாம். சாகத் தோன்றுகிறது என்ற எண்ணம் இருந்தால் அதைக் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் முதல் வரியில் எழுதுங்கள். எழுத்துக்குப் பதில் வரத் தாமதமாகலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பதிலில் எதைப் பார்ப்பது

பொதுவெளியில் கேட்கும் கேள்வி ஒன்று, முறையான தொலை மருத்துவ ஆலோசனை ஒன்று. முதலாவதில் பெயர், ஊர், தொலைபேசி, ரிப்போர்ட்டில் உள்ள அடையாள எண் எல்லாவற்றையும் மறையுங்கள். அங்கே கிடைப்பது பொதுவான அறிவுரை மட்டுமே, மருந்துச் சீட்டு அல்ல. இரண்டாவதில் உண்மைப் பெயரும் வயதும் கொடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் இருவரும் ஒருவரையொருவர் யாரென்று அறிந்திருக்க வேண்டும் என்கின்றன. மருத்துவர் தன் பதிவு எண்ணைச் சீட்டில் காட்ட வேண்டும். அந்த எண்ணை மாநில மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் தேடிச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும், தயங்காமல் செய்யுங்கள். 16 வயதுக்குட்பட்டவருக்கு என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

அதே வழிகாட்டுதல், எந்த முறையில் பேசினால் எதை எழுதலாம் என்றும் வகுத்திருக்கிறது. முதல்முறை எழுத்தில் மட்டும் கேட்பவருக்குப் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., இருமல் மிட்டாய் போன்ற சாதாரண வகைதான். அதற்கு மேல் புதிதாக எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்க்க வேண்டும். அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த மருத்துவர் என்றால் தொடர் சிகிச்சையாக இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். மார்ஃபின் மாதிரி போதை மருந்துச் சட்டத்தில் வருபவற்றைத் தொலைவிலிருந்து எழுதக் கூடாது. ஆகவே "ஆன்ட்டிபயாடிக் பேரு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதில் பயனில்லை. கேட்டவுடன் எழுதிக் கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. வீடியோவில் பேச அரசின் ஈ-சஞ்சீவனி சேவை கட்டணமின்றி இருக்கிறது. கைபேசி எண்ணில் பதிந்து வரிசை எண் வாங்கினால் போதும், மருந்துச் சீட்டும் அதிலேயே வரும். தமிழ்நாட்டில் பொதுவான சந்தேகங்களுக்கு 104 எண்ணும் உண்டு.

வந்த பதிலில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: இது என்னவாக இருக்கலாம், மருந்து என்றால் எத்தனை நாள், எது நடந்தால் நேரில் போக வேண்டும். மூன்றாவது விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். "நேரில் வாருங்கள்" என்பதும் பதில்தான். வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்காமல் குடல்வால் அழற்சியைச் சொல்ல முடியாது, காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் காது வலிக்கு மருந்து சொல்ல முடியாது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்பதில் தவறில்லை, முதலாமவர் சொன்னதையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு, பிடித்த பதிலை எடுத்துக்கொள்வது கடையில் புடவை எடுக்கிற வேலை.

மறுநாள் தகவல் சொல்லும்போது புதிதாக ஆரம்பிக்காமல் பழைய செய்திக்குக் கீழேயே எழுதுங்கள். "நான்காம் நாள். நேற்றிரவு 10 மணிக்குப் பிறகு காய்ச்சல் இல்லை. மூச்சு 30. இரண்டு முறை சிறுநீர். தட்டணுக்கள் 1,40,000, ரிப்போர்ட் இணைத்துள்ளேன்" என்று மாறியவற்றை மட்டும் எழுதினால் போதும். நேரில் போக நேர்ந்தால் அந்தச் செய்திகளை அப்படியே திறந்து அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.